படித்தும் கைக்கு வராத கரிம வேதியியல்: ஒரு மாணவியின் ஒரு செமஸ்டர்

பின்னணி

இவர் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி. பாடம், கரிம வேதியியலின் இரண்டாம் பகுதி. முன்பாதியில் ஆல்கைல் ஹாலைடுகளின் பதிலீட்டு வினைகள், நீக்க வினைகள், ஆல்கஹால், ஈதர். பின்பாதி முழுக்கக் கார்பனைல் சேர்மங்கள், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்திருப்பவை. துறையில் அதிகம் பேர் அரியர் வைப்பது இந்தப் பாடத்தில்தான். மாணவியோ பள்ளியில் நல்ல மதிப்பெண் எடுத்தவர், மனப்பாடத்தில் கெட்டி. முதலாமாண்டை அந்தத் தெம்பிலேயே தாண்டிவிட்டார்.

முதல் இன்டெர்னலில் 50க்கு 16 வந்தது. பாடத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டுக்கொண்டு எங்கள் படிப்பு உதவி மையத்துக்கு வந்தார். விடுவதற்கான கடைசித் தேதி இரண்டாம் இன்டெர்னல் முடிந்து ஒரு வாரம் வரை இருந்ததால் அன்றே முடிவெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை இந்தப் பதிவில் விட்டுவிட்டேன்.

உழைக்கவில்லை என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. தினமும் மூன்று மணி நேரம் இந்த ஒரு பாடத்துக்கே போனது. புத்தகத்தில் நான்கு நிறத்தில் கோடு. வினைகளை எழுதி வைத்த அட்டைகள் ஒரு டப்பா நிறைய. வகுப்பைத் தவறவிட்டதில்லை. பாடம் எடுத்த ஆசிரியரிடம் விசாரித்தபோது, "நல்ல பொண்ணு, தலையைத் தூக்காம எழுதிக்கிட்டே இருக்கும்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் கரும்பலகையில் ஒரு வினை படிப்படியாக நகரும்போது தலையைத் தூக்காமல் எழுதுபவர் எதைப் பார்த்திருப்பார் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது.

விடைத்தாளில் கண்டது

"படிக்கும்போது எல்லாம் புரியுது சார். பேப்பரைப் பார்த்தா கை ஓட மாட்டேங்குது." அவர் சொன்ன முதல் வாக்கியம் இது. இந்தக் குறையோடு வருபவரிடம் நேர அட்டவணையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது வழக்கம். இந்த முறை விடைத்தாளை எடுத்துவரச் சொன்னோம்.

போன மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவரையே காரணம் எழுத வைத்தோம். மறந்துபோனது, தெரிந்தும் தவறாகத் தேர்ந்தது, நேரம் போதாதது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது என்று நான்கு வகை. மறதியில் போனது கொஞ்சம்தான். வரையறை கேட்ட கேள்விகளில் முழு மதிப்பெண் இருந்தது. பாதிக்கு மேல் போனது இரண்டாவது வகையில். அதாவது விஷயம் தலையில் இருக்கிறது, எந்த இடத்தில் எதை எடுப்பது என்பது தெரியவில்லை. மாணவிக்கே இது ஆச்சரியம். தனக்கு ஞாபகசக்தி குறைந்துவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அதனால்தான் அட்டைகளை மேலும் மேலும் எழுதிக்கொண்டே போயிருக்கிறார்.

ஒரு கேள்வியை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். மூவிணைய பியூட்டைல் புரோமைடோடு சோடியம் மெத்தாக்சைடைச் சேர்த்தால் முதன்மையாக என்ன கிடைக்கும்? மாணவி ஈதர் என்று எழுதியிருந்தார். அவருடைய அட்டையில் "ஆல்கைல் ஹாலைடும் ஆல்காக்சைடும் சேர்ந்தால் ஈதர், வில்லியம்சன் தொகுப்பு" என்று இருந்தது. அட்டையில் தவறில்லை. ஆனால் இங்கே புரோமின் ஒட்டியிருக்கும் கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் நிற்கின்றன. பின்பக்கமாக வந்து தாக்க மெத்தாக்சைடுக்கு இடமில்லை. அது வலிமையான காரமும்கூட என்பதால் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது, புரோமைடு வெளியேறுகிறது, 2-மெத்தில்புரோப்பீன் என்ற ஆல்கீன் (கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) கிடைக்கிறது. அதே ஈதர் வேண்டுமென்றால் ஆட்களை மாற்றிப் போட வேண்டும். மூவிணைய பியூட்டாக்சைடை எடுத்து மெத்தில் அயோடைடோடு சேர்க்க வேண்டும். மெத்தில் அயோடைடில் பக்கத்துக் கார்பன் என்றே ஒன்று கிடையாது, அதனால் நீக்க வினைக்கு வழியே இல்லை.

இதையெல்லாம் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. "மூவிணைய கார்பனில் எஸ்.என்.2 நடக்காது" (எஸ்.என்.2 என்பது இப்படிப் பின்பக்கமாகத் தாக்கி நடக்கும் பதிலீடு) என்பது அவருடைய நோட்டிலேயே பச்சை நிறக் கோட்டோடு இருந்தது. கேட்டதும் தடங்கலில்லாமல் காரணத்தோடு சொன்னார். அது ஹாலைடு பாடத்தில் இருந்தது, வில்லியம்சன் ஈதர் பாடத்தில் இருந்தது. இரண்டும் ஒரே கேள்வியில் எதிரெதிரே நிற்கும் வாய்ப்பை அவர் அதுவரை உண்டாக்கிக்கொண்டதில்லை.

இன்னொன்றையும் கவனித்தோம். ஒரு கணக்கை எங்கள் முன்னால் போடச் சொன்னபோது, கேள்வியைப் படித்த ஒரு நிமிடத்துக்குள் கை விடைப் பக்கத்துக்குப் போனது. பார்த்துவிட்டு, "ஆமா, இதுதான் நினைச்சேன்" என்றார். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியிருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி பார்த்துக்கொண்டே போனவருக்கு, தானே ஓட்டும் நாள் வரை எந்தத் திருப்பம் தெரியாது என்பது தெரியாது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

பாடத்தை விடுவதை இரண்டாம் இன்டெர்னல் வரை தள்ளிவைத்தோம். அடுத்த ஆண்டின் இரண்டு பாடங்களுக்கு இதுதான் அடித்தளம். விட்டாலும் அடுத்த ஆண்டு இதே பாடத்தை இதே முறையில்தான் படித்திருப்பார்.

படிக்கும் நேரத்தைக் கூட்டவில்லை, குறைத்தோம். தினமும் இரண்டு மணி நேரம்தான் என்று வரம்பு வைத்தோம், ஏனென்றால் கணிதப் பாடம் ஏற்கெனவே சரிய ஆரம்பித்திருந்தது. மாணவிக்கு இதில் உடன்பாடே இல்லை. தோற்றுக்கொண்டிருக்கும் பாடத்துக்கு நேரத்தைக் குறைப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே படித்ததை மறுபடி படிக்கத்தான் போகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு அரை மனதாக ஒப்புக்கொண்டார்.

மறுவாசிப்புக்குப் பதிலாக வெள்ளைத்தாள். வகுப்பு முடிந்த அன்று மாலையே நோட்டை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருக்கும் வினைவழிமுறையை, எலக்ட்ரான்கள் நகர்வதைக் காட்டும் அம்புக்குறிகளோடு வரைய வேண்டும். அதன் பிறகே நோட்டைத் திறந்து, வேறு நிறப் பேனாவால் திருத்த வேண்டும். இதற்கு ஆதாரம் உண்டு. 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வில், ஒரு உரைப்பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ்: படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம். மாணவியின் அனுபவம் இதோடு அச்சாகப் பொருந்தியது. முந்தின இரவு படித்ததெல்லாம் இருந்தது, மூன்று வாரத்துக்கு முன்னால் படித்தது இல்லை.

அட்டைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவ்வளவு உழைப்பைக் குப்பைக்கு அனுப்பினால் ஆள் அன்றே உடைந்துபோவார். அட்டையின் முன்பக்கத்தை மட்டும் மாற்றினோம். ஒரு வினைக்குப் பதிலாக, பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வினைகள். உதாரணத்துக்கு, 2-புரோமோ-2-மெத்தில்பியூட்டேனோடு ஒருபக்கம் எத்தாக்சைடு, மறுபக்கம் பருமனான மூவிணைய பியூட்டாக்சைடு. முதலாவதில் அதிகப் பதிலீடுள்ள ஆல்கீன் முதன்மையாக வரும், இரண்டாவதில் குறைந்த பதிலீடுள்ளது. பின்பக்கத்தில் விடையை மட்டும் எழுதினால் போதாது, ஏன் என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

கணக்குகளைக் கலந்து போட வைத்தோம். ஈதர் அத்தியாயத்தின் கடைசியில் வரும் கணக்குக்கு விடை ஈதர் பக்கமாகத்தான் இருக்கும் என்பது கேள்வியைப் படிக்காமலே தெரிந்துவிடும். தேர்வுத்தாளில் அந்த வசதி கிடையாது. எனவே அத்தியாயக் கணக்கு நான்கு போட்டால், பழைய அத்தியாயங்களிலிருந்து வரிசை குலைத்து நான்கு. பதினைந்து நிமிடம் முட்டிப் பார்க்காமல் விடையைத் திறக்கக் கூடாது. ஒவ்வொன்றிலும் எழுதத் தொடங்குமுன் நான்கைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தாக்கப்படும் கார்பன் ஓரிணையமா, ஈரிணையமா, மூவிணையமா? வருவது வலிமையான காரமா, நல்ல கருக்கவர் பொருளா (எலக்ட்ரான் இணையைக் கொடுத்துக் கார்பனோடு சேர்வது), இரண்டுமா? கரைப்பான் என்ன? சூடாக்குகிறார்களா?

கூடவே ஒரு தவறு நோட்டு. தவறான ஒவ்வொரு கணக்குக்கும் இரண்டே வரி. என்ன எழுதினேன், எதைப் பார்க்காமல் விட்டேன். "கவனக்குறைவு" என்று எழுதத் தடை, ஏனென்றால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த முறை எதையும் திருத்த முடியாது.

ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் விதத்தையும் மாற்றினோம். "இந்த சாப்டர் புரியல சார்" என்று போனால் அவரும் சாப்டரையே திரும்பச் சொல்வார். தான் வரைந்த தாளோடு போய், "இந்த மூணாவது அம்பு வரைக்கும் சரியா வருது சார், இங்க ஏன் தண்ணீர் வெளியே போகுதுன்னு தெரியல" என்று கேட்கச் சொன்னோம்.

நடுவில் நடந்தது

முதல் இரண்டு வாரம் மோசமாகப் போனது. கலந்து போட்ட கணக்குகளில் மூன்றில் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. இது நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தோம். 2007இல் ரோரரும் டெய்லரும் கணிதத்தில் செய்த சோதனையில், ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போட்டவர்களுக்குப் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாக வந்தது, கலந்து போட்டவர்களுக்கு 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள், பின்னவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள். எண்களைக் கேட்டுத் தலையாட்டினார். ஆனால் இரவு பத்து மணிக்கு ஆறாவது கணக்கும் தப்பாகும்போது ஆய்வு ஞாபகத்துக்கு வராது.

நான்காவது வாரத்தில் தவறு நோட்டு காலியாக இருந்தது. ஒரு வாரம் முழுக்க ஒரு தவறும் இல்லை. எல்லாம் சரியாக வருகிறது என்றார். முந்தின வாரம் வரை அத்தனை தவறு செய்தவர் திடீரென்று ஒன்றுகூடச் செய்யவில்லை என்றால் நம்புவது கஷ்டம். கொஞ்சம் பேசியதும் விஷயம் வெளியே வந்தது. விடையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் சரிபார்த்தபடியே எழுதியிருக்கிறார். தப்பு செய்வது தாங்க முடியவில்லை என்றார். கடிந்துகொள்ள எதுவும் இல்லை. பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் தப்பில்லாமல் எழுதியதற்குத்தான் பாராட்டு வாங்கியிருக்கிறார். செய்த ஒரே மாற்றம் இது: விடைப் பக்கங்களின் நகல் எங்கள் மையத்தில் இருக்கும், போட்ட தாளைக் கொண்டுவந்து இங்கேயே ஒப்பிட வேண்டும். எதிலும் சேராத ஒரு சின்ன ஏற்பாடுதான். ஆனால் இந்த வழக்கில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது இதுதான் என்பது என் எண்ணம்.

தோழிகளோடு சேர்ந்து படிப்பது சரியாக அமையவில்லை. நான்கு பேரில் ஒருவர் பேசுவார், மூவர் கேட்பார்கள். தெரியாதவர்தான் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று விதி வைத்ததும் ஒருவர் விலகிக்கொண்டார், மற்றவர்கள் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்து கலைந்தார்கள்.

இரண்டாம் இன்டெர்னலில் 50க்கு 25. விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தால், விளைபொருளைக் கணிக்கும் கேள்விகளில் நல்ல ஏற்றம். முதல் தேர்வில் முழுதாக வாங்கிய வரையறைக் கேள்விகளில் சில மதிப்பெண்கள் போயிருந்தன. பழைய பலத்தைக் கவனிக்காமல் விட்டதன் விலை அது. பாடத்தைத் தொடர்வது என்று முடிவானது. இந்த முறை மாணவியே சொன்னார்.

கார்பனைல் பகுதி

இங்கேதான் விஷயம் உண்மையில் திரும்பியது. கார்பனைல் அத்தியாயங்கள் வினைகளின் எண்ணிக்கையில் மிகப் பெரியவை. பழைய வழியில் போயிருந்தால் இன்னொரு டப்பா அட்டை எழுதியிருப்பார். சயனைடு, கிரிக்னார்டு (கார்பனோடு மெக்னீசியம் இணைந்த வினைபொருள்), ஹைட்ரைடு, அமீன் என்று தனித்தனியாக வெள்ளைத்தாளில் வரைந்துகொண்டிருந்தவர், ஒரு நாள் நான்கு தாளையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். "எல்லாத்துலயும் முதல் அம்பு ஒண்ணேதான சார்?" என்றார்.

ஆமாம், ஒன்றுதான். எலக்ட்ரான் நிறைந்த பொருள் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது, இரட்டைப் பிணைப்பின் எலக்ட்ரான் இணை ஆக்சிஜன்மேல் ஏறுகிறது. அதன் பிறகு வேறுபடுவதற்கு ஒரு கேள்வி போதும்: அந்தக் கார்பனில் வெளியேறக்கூடிய தொகுதி ஏதாவது இருக்கிறதா? ஆல்டிஹைடு, கீட்டோனில் இல்லை, எனவே சேர்க்கையோடு நிற்கும் அல்லது அமீன் வந்தால் பிறகு தண்ணீர் போகும். எஸ்டரில், அமிலக் குளோரைடில் இருக்கிறது, எனவே அது வெளியேறிக் கார்பனைல் மீண்டும் உருவாகும். புத்தகத்திலும் இது இருக்கிறது, ஆசிரியரும் நிச்சயம் சொல்லியிருப்பார். ஆனால் தானே நான்கு தாளை வரைந்து கண்டுபிடித்ததை அவர் அதன் பிறகு மறக்கவில்லை.

அடுத்த வாரம் எஸ்டரோடு கிரிக்னார்டு சேர்ந்தால் என்ன ஆகும் என்று, பாடத்தில் வருமுன்பே கேட்டுப் பார்த்தோம். ஆல்காக்சி தொகுதி வெளியேறும், கீட்டோன் வரும் என்று வரைந்தார். பேனாவை வைக்கப் போனவர் நிறுத்தினார். "கீட்டோன் அப்படியே இருக்காதே, அதையும் கிரிக்னார்டு தாக்குமே" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தாக்குதலையும் வரைந்து, கடைசியில் அமிலம் சேர்த்து மூவிணைய ஆல்கஹாலில் முடித்தார். படிக்காத வினை, சரியான விடை. எஸ்டரைவிடக் கீட்டோன் எளிதில் வினைபுரியும் என்பதை மட்டும் நாங்கள் சேர்த்துச் சொன்னோம்.

அப்புறம் அட்டை எழுதுவதை அவரே நிறுத்திவிட்டார். கார்பனைல் பகுதி முழுவதும் ஒரே பெரிய தாளில் அடங்கியது. வினைபொருள்களின் பெயர், நிபந்தனை போன்ற மனப்பாடம் செய்தே ஆக வேண்டியவற்றுக்கு மட்டும் கொஞ்சம் அட்டை மிஞ்சியது.

முடிவு

இறுதித் தேர்வில் 100க்கு 61. தேறிவிட்டார். வகுப்பில் நடுவாந்தரமான இடம். பல படிகளில் ஒரு சேர்மத்தைத் தயாரிக்கும் கேள்வி இரண்டும் பாதியில் நின்றன. விளைபொருளிலிருந்து பின்னோக்கி யோசிக்கும் பயிற்சியைக் கடைசி மூன்று வாரத்தில்தான் ஆரம்பித்தோம், அது போதவில்லை. கணிதத்திலும் தேறினார்.

இதை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. அந்தத் தேர்வுத்தாளில் கார்பனைல் பகுதிக்கு எடை அதிகம், அது அவருடைய பலமான பகுதி. வாரம் தவறாமல் ஒருவர் தாளைப் பார்த்தார் என்பதே பாதி வேலையைச் செய்திருக்கலாம். எந்த மாற்றம் எவ்வளவு உதவியது என்று ஒரு ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை. அடிப்படை வேதியியலே ஆட்டம் காணும் மாணவருக்கு இந்த வரிசை உதவாது. அவருக்கு வெள்ளைத்தாள் வெள்ளையாகவேதான் இருக்கும். முதலில் விடையோடு கூடிய மாதிரிக் கணக்குகளைப் படிப்படியாகத் தொடர்ந்து பழக வேண்டும்.

அடுத்த செமஸ்டரில் அவர் தவறு நோட்டைத் தொடரவில்லை, வெள்ளைத்தாளைத் தொடர்ந்தார்.

மாற்றிச் செய்பவை

ஒரே நேரத்தில் ஐந்து மாற்றம் என்பது அதிகம். இப்போது முதல் இரண்டு வாரத்துக்கு வெள்ளைத்தாளும் கலந்த கணக்கும் மட்டும்தான். தவறு நோட்டு மூன்றாவது வாரத்தில். விடைப் பக்கங்களை மையத்தில் வைத்துக்கொள்வது முதல் நாளிலிருந்தே.

மதிப்பெண் முதலில் இறங்கும் என்பதை வாயால் சொல்வதோடு நிறுத்துவதில்லை. முதல் வாரத்தில் எத்தனை சரி என்று மாணவர் தன் கையால் எழுதித் தேதி போட்டு வைக்கிறார், நான்காவது வாரத்தில் அதே கணக்குகளை மறுபடி போட்டுப் பக்கத்தில் எழுதுகிறார். ஆய்வு எண்களைவிட இந்தத் தாள் சட்டென்று நம்பவைக்கிறது.

பின்னோக்கி யோசிக்கும் கணக்குகள் நான்காவது வாரத்திலிருந்தே, வாரத்துக்கு ஒன்றாவது. வரையறைகளுக்குத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்கீடு, அதைத் தாண்டக் கூடாது.

விடைத்தாள் இல்லாமல் வருபவரிடம் நேர அட்டவணையைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு கேள்வியைக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் தனியாக விடுகிறோம். என்ன எழுதினார் என்பதோடு, எந்த இடத்தில் பேனா நின்றது என்பதையும் குறித்துக்கொள்கிறோம். திட்டம் போடுவது அந்த இடத்திலிருந்துதான்.